கல்யாண விசிடியிலிருந்து எடுத்த பின் (.bin), க்யூ (.cue) ஃபைல்கள் விண்டோஸில் மவுண்ட் ஆகவில்லை, அதாவது சிடி டிரைவ் போலத் திறக்கவில்லை. எப்படிப் பார்ப்பது?

பின் என்பது சிடியின் முழு நகல் (இமேஜ்), க்யூ அதன் விவரங்களைச் சொல்லும் சிறு ஃபைல். அந்த பின் ஃபைலின் பெயர் முடிவை, விண்டோஸ் நேரடியாகத் திறக்கும் சிடி நகல் வகையான ஐஎஸ்ஓ (.iso) என்று மாற்றியதும் 'டிஸ்க் இமேஜ் கெட்டுப்போயிருக்கிறது' என்று விண்டோஸ் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பதற வேண்டாம். பெரும்பாலும் ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். முதல் வேலையாகப் பெயரைப் பழையபடி மாற்றிவிடுங்கள். அடுத்து, இரண்டு ஃபைலையும் இன்னொரு டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். மூல சிடி உங்களிடம் இல்லை என்கிறீர்கள், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதே இடத்தில் நானும் சிக்கியிருக்கிறேன். 2002இல் நடந்த அக்கா கல்யாணத்தின் விசிடியை ஒரு கடையில் கொடுத்து கணினியில் ஏற்றி வாங்கினோம். வந்தது ஒரு பின், ஒரு க்யூ. பின் ஃபைல் 780 எம்பி இருந்தது. 700 எம்பி சிடியில் இது எப்படி அடங்கியது என்று ரொம்ப நேரம் குழம்பினேன். விடை அடுத்து வரும் கணக்கிலேயே இருக்கிறது.

சிடி செக்டார் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு செக்டாரும் 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் அதில் 2048 பைட்தான் நம் ஃபைலுக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி, கீறல் விழுந்தால் பிழையைத் திருத்திக்கொள்வதற்கான தகவல். ஐஎஸ்ஓ ஃபைலில் அந்த 2048 மட்டும் இருக்கும். பின் ஃபைலில் 2352ம் அப்படியே இருக்கும். பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் அடுக்கு மாறாது. விண்டோஸ் 2048, 2048 ஆக எண்ணிக்கொண்டு போகும், தேடும் இடத்தில் எதுவும் கிடைக்காது, உடனே கெட்டுப்போனது என்று சொல்லிவிடும். விசிடி இன்னும் ஒரு படி மேலே. வீடியோ செக்டார்களில் அந்தத் திருத்தத் தகவலை விட்டுவிட்டு 2324 பைட் வரை படத்துக்கே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் 700 எம்பி சிடியில் கூடுதலாக அடைக்க முடிந்தது. கீறல் விழுந்த விசிடி நிற்காமல் ஓடும், ஆனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும் இல்லையா, அதற்கும் இதுதான் காரணம்.

இப்போது க்யூ ஃபைலை நோட்பேடில் திறங்கள். அது நாலைந்து வரி எழுத்துதான். முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் பின் ஃபைலின் பெயர் இருக்கும். ஃபைலுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்களோ, எழுத்துக்கு எழுத்து அதுவே அங்கேயும் இருக்க வேண்டும். எனக்கு மாட்டியது இங்கேதான். 'அக்கா கல்யாணம்' என்று நான் ஆசையாகப் பெயர் மாற்றியிருந்தேன், க்யூவில் பழைய பெயரே இருந்தது. கீழே டிராக் வரிகளில் 'மோட்2/2352' (MODE2/2352) என்று ஒன்றுக்கு மேல் இருந்தால் அது விசிடி என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

விசிடி என்றால் மவுண்ட் செய்வதில் மெனக்கெட வேண்டாம் என்பேன். ஃபைலை சிடி போலக் காட்டும் விர்ச்சுவல் டிரைவ் மென்பொருளை ஏற்றினாலும் 'எம்பெக்ஏவி' (MPEGAV) ஃபோல்டரும் உள்ளே வீடியோ இருக்கும் டேட் (.dat) ஃபைலும் கண்ணுக்குத் தெரியும், காப்பி செய்யும்போது பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. விசிடிகியர் என்ற பழைய மென்பொருள் இருக்கிறது. க்யூவைக் கொடுத்தால் எம்பெக் (.mpg) வீடியோ ஃபைலாகப் பிரித்துத் தரும். படத்தை மறுபடி சுருக்குவதில்லை, அதனால் தரம் குறையாது. லினக்ஸ் வைத்திருந்தால் விசிடிஇமேஜர் தொகுப்பில் வரும் விசிடிஎக்ஸ்ரிப் இதே வேலையைச் செய்யும். வந்த ஃபைலை விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள். 352க்கு 288 படம்தான், பெரிய திரையில் மங்கலாக இருக்கும். அதை எம்பி4 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நகல் மட்டும் ஆக்குங்கள், மூலத்தை விட்டுவிடாதீர்கள்.

விசிடி இல்லை, பழைய மென்பொருள் சிடி, பாடப் புத்தக சிடி மாதிரி என்றால் வின்சிடிஎமு போதும். இலவசம், ஓப்பன் சோர்ஸ், க்யூவை இரட்டைக் கிளிக் செய்தால் புது டிரைவாக வந்து நிற்கும். நீரோ என்ற சிடி எழுதும் மென்பொருளின் என்ஆர்ஜி, அது தவிர எம்டிஎஸ் ஆகிய சிடி நகல் வகைகளையும் திறக்கும். நல்ல ஐஎஸ்ஓ ஃபைலுக்கு விண்டோஸ் 8லிருந்து எந்த மென்பொருளும் தேவையில்லை. இரட்டைக் கிளிக் செய்யும்போது வின்ரார் திறந்துகொண்டால், வலது கிளிக் செய்து 'ஓப்பன் வித்'தில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவில் இருந்தபடியே திறக்க மறுத்தால் சி டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டு முயலுங்கள். இமேஜ் ஃபைல் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிரைவ் அமைப்பு) டிரைவில் இருக்க வேண்டும் என்று விண்டோஸ் எதிர்பார்க்கும்.

எங்கள் விசிடியில் பந்தி நடக்கும் இடத்தில் தாத்தா ஒவ்வொரு இலையாகக் குனிந்து "இன்னும் கொஞ்சம் சாம்பார் போடட்டுமா" என்று கேட்டுக்கொண்டே போவார். அவர் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. உங்கள் க்யூவில் இருக்கும் வரிகளை அப்படியே கமெண்டில் போடுங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.