பஸ் போர்டும் அப்பாவின் புத்தியும்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, கணக்கு வாத்தியாராக இருந்தவர். இப்போது பஸ் கிளம்பும் நேரத்தில்தான் போர்டைப் படித்து முடிக்கிறார். "புத்தி மங்கிப்போச்சு" என்கிறார்கள் வீட்டில். கண்ணுக்கும் புத்திக்கும் சம்பந்தம் உண்டா? (ஒரு வாசகி)

பதில்: சம்பந்தம் உண்டு. அதற்காக இப்படி ஒரு முத்திரை குத்துவது அநியாயம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில், 1936-ல் பிறந்த 600-க்கும் மேற்பட்டவர்களை அவர்களுடைய 70, 73, 76 வயதுகளில் சோதித்தார்கள். திரையில் இரண்டு கோடுகள் மின்னி மறையும், எது நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதிலை நிதானமாக யோசித்துச் சொல்லலாம், ஆனால் கோடுகள் கண்ணில் படுவதோ நொடியில் ஒரு சின்னத் துணுக்கு நேரம். வயது ஏற ஏற யாருக்கு இது அதிகமாகத் தடுமாறியதோ, அவர்களுக்குப் புதுப் புதிர்களை விடுவிக்கும் திறனும் பெரும்பாலும் கூடவே இறங்கியது. 2014-ல் வெளியான முடிவு இது. எதனால் எது என்று அது நிரூபிக்கவில்லை. அப்புறம், இப்படி இறங்குவது புதிதாக ஒன்றைச் சட்டென்று பிடிக்கும் திறன்தான். சேர்த்துவைத்த சொல்வளம், தொழில் அறிவு எல்லாம் எழுபதிலும் பெரும்பாலும் நன்றாகவே நிற்கும். அப்பாவிடம் ஒரு வட்டிக் கணக்கைக் கொடுத்து, அவசரப்படுத்தாமல் விட்டுப் பாருங்கள்.

முதலில் கண்ணைக் கவனியுங்கள். வயதானால் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதில் கிடைத்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. சாயங்கால மங்கலில், அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் போர்டை அவர் தாமதமாகப் படிப்பதில் என்ன ஆச்சரியம்? கண்புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் 3,000-க்கும் அதிகமான முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. அறுவையால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் பார்வை திரும்புவதே பெரிய லாபம் இல்லையா?

பழகிய தெருவில் வழி தவறுகிறார், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதெல்லாம் இல்லையென்றால், இந்த வாரமே கண் பரிசோதனை, அவர் படிக்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு விளக்கு. அவர் காதுபட அந்தப் பேச்சு இனி வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.