ரிக்வெஸ்ட் போகிறது, பதில் வரவில்லையே?
வாசகர் கேள்வி – பதில்

எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸில் இருக்கிறேன். கோவைக்கு வேலை மாற ஆசை. லிங்க்ட்இன்னில் நூறு மேலாளர்களுக்கு மேல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். ஏற்றுக்கொண்ட சிலரிடம் "வேக்கன்ஸி இருக்கா சார்?" என்று கேட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. எங்கே தப்பு?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

முதலில் புது ரிக்வெஸ்ட் அனுப்புவதை நிறுத்துங்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு மொத்தமாக அனுப்பி, அவை ஏற்கப்படாமல் கிடந்தால் லிங்க்ட்இன் தற்காலிகத் தடை போட்டுவிடும். 'மை நெட்வொர்க்' பகுதிக்குள் போய், ஒரு மாதத்துக்கு மேல் கிடப்பவற்றை 'வித்ட்ரா' செய்யுங்கள். அப்படித் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது. பரவாயில்லை, அதற்குள் செய்ய வேறு வேலை இருக்கிறது.

பெயருக்குக் கீழே இருக்கும் தலைப்பு வரியை மாற்றுங்கள். 220 எழுத்து வரை இடம் உண்டு என்றாலும், செல்போனில் தேடுகிறவர் கண்ணில் படுவது முதல் சில சொற்கள்தான். அங்கே 'வேலை தேடுகிறேன்' என்றிருந்தால் உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று யாருக்கும் புரியாது. 'எலெக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ், பி.எல்.சி., வி.எஃப்.டி., எல்.டி. பேனல்' என்று தொழிலில் தொடங்குங்கள். (பி.எல்.சி. மெஷினை இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டுக் கருவி; வி.எஃப்.டி. மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி, சுருக்கமாக டிரைவ்; எல்.டி. பேனல் குறைந்த மின்னழுத்த மின்பலகை.) 'ஓப்பன் டு ஒர்க்' வசதியில் கோயம்புத்தூரைச் சேர்த்து, ரிக்ரூட்டர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். உங்கள் கம்பெனி ரிக்ரூட்டர்களுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ள லிங்க்ட்இன் முயலும். முழு உத்தரவாதம் தராது. பாஸுக்குத் தெரிந்தால் சங்கடம் என்றால் அந்த வசதியையே தொட வேண்டாம்.

அடுத்து, பத்துப் பதினைந்து பேரைப் பொறுக்கி எடுத்து 'ஃபாலோ' மட்டும் செய்யுங்கள். ஜெனரல் மேனேஜர்கள் வேண்டாம். மெயின்டெனன்ஸ் இன்ஜினியர், பேனல் போர்டு செய்பவர், டிரைவ் சர்வீஸுக்கு வருபவர் போன்றவர்களே போதும். எந்த ஆலையில் ஆள் குறைகிறது என்ற சேதி விளம்பரம் வருவதற்கு முன்பே இவர்கள் காதுக்கு வந்துவிடும். இவர்கள் பதிவுகளில் வாரம் இரண்டு மூன்று கருத்து எழுதுங்கள்.

எப்படிப்பட்ட கருத்து? மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் வி.எஃப்.டி. ஓவர் வோல்டேஜில் ட்ரிப் ஆகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். கீழே 'சூப்பர் சார்' வரிசை கட்டி நிற்கும். நீங்கள் இப்படி எழுதலாம்: "வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி ஓடி, டிரைவுக்குள் இருக்கும் டி.சி. பஸ் வோல்டேஜை ஏற்றிவிடுகிறது. டிசெலரேஷன் நேரத்தை 5 வினாடியிலிருந்து 12 ஆக்கிப் பார்த்தீர்களா? சட்டென்று நிற்க வேண்டிய மெஷின் என்றால் பிரேக்கிங் ரெசிஸ்டர் இருக்கிறதா?" இதற்குப் பெரும்பாலும் அவரே பதில் எழுதுவார். ஆனால் உங்கள் ஆலையின் பேனல் படம், டிராயிங், வாடிக்கையாளர் பெயர் எதையும் ஆதாரமாகப் போட்டுவிடாதீர்கள். இருக்கிற வேலைக்கே அது உலை வைக்கும்.

இரண்டு மூன்று முறை இப்படிப் பேசிய பிறகு ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்பும் வாய்ப்பு மாதத்துக்குச் சிலதான், எழுத்தும் 200க்குள். "உங்கள் டிரைவ் ட்ரிப் பதிவில் பேசினோம். நானும் அதே வேலையில், கஞ்சிக்கோட்டில் இருக்கிறேன்" என்றால் போதும். ஏற்றுக்கொண்டதும் வேலை கேட்காதீர்கள். "கோவைப் பக்கம் மெயின்டெனன்ஸ் ஆட்களிடம் எந்த பி.எல்.சி. அனுபவத்தை எதிர்பார்க்கிறார்கள்?" என்று ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுக் கருத்து எளிய ஆங்கிலத்தில் இருக்கட்டும். தனிச் செய்தியில் அவர் தமிழில் பேசினால் தமிழ், மலையாளத்தில் பேசினால் உங்கள் பாலக்காட்டு மலையாளம் தாராளமாகப் போதும். 'சேட்டா' மட்டும் முதல் செய்தியில் வேண்டாம், சார் அல்லது மேடம்தான் சரி.

ஏலக்காய் வியாபாரம். வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும் படம் போட்டால் "ரேட்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள். வெளிமாநில வியாபாரிகளுடன் நிலையான தொடர்பு வேண்டும்.
— வாசகர், குமுளி

படத்தில் விலையைத் தவிர கேட்க ஒன்றுமில்லை என்றால் ரேட்டைத்தான் கேட்பார்கள். காய்களை வெள்ளைத் தாளில் பரப்பி, பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். டியூப்லைட்டில் பச்சை நிறம் பொய் சொல்லும். கீழே சைஸ், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் அளவு காயின் எடை), ஈரப்பதம், கையிருப்பு எத்தனை கிலோ, எந்தப் பறிப்பு என்று எழுதுங்கள். இந்த விவரத்தைப் பார்த்துப் பேச வருபவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

இன்னொன்று: புற்றடி, போடிநாயக்கனூர் ஏலக்காய் மின்ஏலங்களின் சராசரி விலையையும் அதிகபட்ச விலையையும் தேதியோடு தவறாமல் போடுங்கள். சரக்கு வாங்காத நாளிலும் உங்களைத் தேடி வருவார்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். "எண்ணைச் சேவ் பண்ணுங்க, தினமும் ஏல விலை வரும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்: அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேருக்குப் போயிருக்காது.

புது ஆள் பெரிய ஆர்டர் பேசினால் ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி, அரசுத் தளத்தில் பெயரும் பதிவு நிலையும் சரியா என்று பாருங்கள். அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்கள் என்றால் உடனே பிளாக் செய்யுங்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் ஒருபோதும் தேவைப்படாது.

நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். சென்னை ஜவுளிக் கடைக்காரர்களுக்கு இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பினால் பார்ப்பதே இல்லை.
— வாசகர், நகரி

உங்களைப் பின்தொடராதவர்களுக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் 'ரிக்வெஸ்ட்' பெட்டியில் போய்த் தூங்கும். முதலில் அவர்கள் பதிவில் துணியைப் பற்றிக் கருத்து எழுதுங்கள்: என்ன கவுன்ட் (நூலின் பருமன்) நூல், ரீட்-பிக் (அங்குலத்துக்குப் பாவு, ஊடை இழைகள்) எவ்வளவு என்று. அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது உங்கள் பக்கத்தில் தறி ஓடும் வீடியோவும், குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை மீட்டர் என்ற விவரமும், வாட்ஸ்அப் எண்ணும் இருக்க வேண்டும். பயோவுக்கு 150 எழுத்துதான். அதில் சாமி பெயரும் பூ எமோஜியும் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் எண் எங்கே வரும்?