துப்பாக்கிக்கு நாயா, வயலுக்கு நாயா?

கேள்வி: ஐயா, வணக்கம். சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர். மக்காச்சோளமும் கொஞ்சம் நிலக்கடலையும் போடுகிறோம். காட்டு எல்லை அரை கிலோமீட்டர்தான். கதிர் பால் பிடிக்கும் சமயம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கிவிடுகிறது. போன போகத்தில் ஒரு ஏக்கர் முழுசாகப் போய்விட்டது. அப்பா பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி இருக்கிறது. அதோடு வேலை செய்ய ஒரு நாயைப் பழக்க நினைக்கிறேன். வீடியோக்களில் லேப்ரடார் அருமையாக வேலை செய்கிறது. மாமாவோ, வேட்டைக்குச் சிப்பிப்பாறைதான் என்கிறார். ஒரு வியாபாரி இராஜபாளையம் குட்டி வைத்திருக்கிறார்: 30 நாள், சுத்த வெள்ளை, நீலக்கண், அபூர்வம் என்று 18,000 ரூபாய் சொல்லி முன்பணம் கேட்கிறார். எதை வாங்கலாம்? வெடிச் சத்தம் பழக, குட்டியின் பக்கத்தில் சரவெடி கொளுத்திப் போடச் சொல்கிறார்கள், செய்யலாமா? வீட்டில் இருபது வெள்ளாடும் இரண்டு கறவை மாடும் உண்டு.

பதில்: தம்பி, முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். சரவெடியும் வேண்டாம். காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த இனம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாய்க்கு என்ன வேலை என்பதை அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். துப்பாக்கியோடு வேலை செய்யவென்றே ஐரோப்பாவில் வளர்த்தெடுத்த நாய்கள் உண்டு. பாயின்டரும் செட்டரும் மோப்பம் பிடித்து, பறவை பதுங்கியிருக்கும் திக்கைப் பார்த்து அசையாமல் நின்று காட்டும். ஸ்பேனியல் புதரைக் கலைத்துக் கிளப்பிவிடும். லேப்ரடார் போன்ற ரிட்ரீவர்கள் சுட்டு விழுந்ததைப் பல் பதியாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்கும். எல்லாமே கௌதாரி, வாத்து அளவு சரக்குக்கான வேலை. பன்றியைக் கவ்விக்கொண்டு வர லேப்ரடாரால் ஆகாது. அதிலும் நம் ஊரில் விற்பவை வீட்டில் கொஞ்சுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியவை; வேலை செய்த தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த லேப்ரடாரை நான் இந்தப் பக்கம் அதிகம் பார்த்ததில்லை. இரட்டை அடுக்கு ரோமத்தோடு சித்திரை வெயிலில் வரப்பில் படுத்திருக்கச் சொன்னால் அது பாவம்.

இரண்டாவது விஷயம் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. பொறி வைப்பது, விரட்டிப் பிடிப்பது, நாயை ஏவித் துரத்துவது எல்லாம் அதில் அடங்கும். 2022-இல் திருத்திய பட்டியலில் காட்டுப்பன்றி 2-ஆம் அட்டவணையில் இருக்கிறது, அதாவது அதுவும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் பன்றி விஷயத்தில் ஒரு வழி திறந்தது. ஆனால் அது காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறையினர் சுடுவதற்கு. 1 கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் கூடாது. உங்கள் வயல் அரை கிலோமீட்டர் என்கிறீர்கள். உரிமம் அப்பா பெயரில் இருக்கும்போது, துப்பாக்கியும் நாயுமாக நீங்கள் ராத்திரியில் காட்டோரம் நின்றால், பன்றி வந்ததோ இல்லையோ, வழக்கு வரும். ஆகவே துப்பாக்கி நாய் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது பன்றி வரப்பை நெருங்கும்போதே மோப்பத்தில் உணர்ந்து, அடித்தொண்டையில் குலைத்து, உங்களை எழுப்பி, எல்லையைத் தாண்டாமல் நிற்கும் காவல் நாய்.

இந்த வேலைக்குச் சிப்பிப்பாறை பொருந்தாது. மாமாவிடம் கோபப்பட வேண்டாம், அவர் சொன்னது பகலில் முயல் பிடித்த காலத்துக்குச் சரி. சிப்பிப்பாறை, கன்னி இரண்டுமே கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் சாதி. ஓட ஆரம்பித்தால் கூப்பிட்ட குரல் காதில் விழாது. இருட்டில் அதன் கண்ணுக்கு வேலை குறைவு, குலைப்பும் குறைவு. இராஜபாளையம் பெரிய உடம்பு, தைரியம் உண்டு, பன்றிக்குப் பழகிய பரம்பரையும்தான். ஆனால் ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும்; களை எடுக்க வரும் ஆட்களோடு ஒத்துப்போகாது. வயலில் தினம் ஆள் வந்துபோகும் உங்களைப் போன்றவர்களுக்கு என் தேர்வு கோம்பை. செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி, கட்டுமஸ்தான உடம்பு, நல்ல குரல். தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயரைச் சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் கலப்பு என்பதால் தாய் தகப்பனைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். அது கிடைக்காவிட்டால், கிடை போடும் கீதாரிகளிடம், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டு, ஆட்டோடு வளர்ந்த நல்ல நாட்டுப் பெட்டை நாயின் குட்டி ஒன்றை வாங்குங்கள். பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். என்னைக் கேட்டால் 18,000 ரூபாய்க் குட்டியைவிட இதுதான் வேலை செய்யும்.

சரி, இப்போது அந்த நீலக்கண்ணுக்கு வருகிறேன். ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன், கேட்பவர்கள் குறைவு.

தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் உட்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாமல் போனால், சத்தத்தை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும். அதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது. வெள்ளை நாய் எல்லாம் செவிடு என்று நான் சொல்லவில்லை. பால் வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள இராஜபாளையத்தில் அருமையாகக் கேட்கும் நாய்கள் ஏராளம். ஆனால் வெள்ளை உடம்போடு நீலக்கண்ணும் சேர்ந்தால் செவிட்டுக்கான வாய்ப்பு கூடுகிறது. அதாவது ஒதுக்க வேண்டிய குறையைத்தான் அந்த வியாபாரி அபூர்வம் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார். அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. நாலு ஈற்றுக் குட்டி விற்றவருக்கு எது கூப்பிட்டால் திரும்பவில்லை என்பது தெரியாமல் இருக்காது.

காதைச் சோதிப்பது சுலபம், ஆனால் பலர் தப்பாகச் செய்கிறார்கள். குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது கையைத் தட்டினால் எல்லாம் திரும்பும். செவிட்டுக் குட்டி பக்கத்துக் குட்டி எழுந்ததைப் பார்த்து எழுந்திருக்கும். ஆகவே ஐந்து வாரம் முடிந்த பிறகு, ஒவ்வொன்றாகத் தனி அறைக்குத் தூக்கி வந்து, மண் தரையில் விட்டு, அது வேறு எதையோ முகர்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒருமுறை ஆட்டுங்கள். காலைத் தரையில் தட்டக் கூடாது, அதிர்வு குட்டிக்குத் தெரிந்துவிடும். கையைத் தலைக்குப் பக்கத்தில் வீசக் கூடாது, காற்று படும். காது விறைக்கிறதா, தலை சரியான பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்புகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கமே தேடுகிறது என்றால் ஒரு காதுதான் வேலை செய்கிறது. வீட்டுக்கு அது போதும். ராத்திரியில் பன்றி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டிய நாய்க்குப் போதாது. தூங்கும் குட்டியிடமும் ஒருமுறை செய்து பாருங்கள். தனியாக விடச் சம்மதிக்காத வியாபாரியிடம் வாங்காமல் வந்துவிடலாம்.

தாயையும் அதன் இடத்திலேயே பார்க்க வேண்டும். குட்டி ஓர் ஊரில், தாய் ஓர் ஊரில் என்றால் அது இடைத்தரகு. அந்நியர் உள்ளே வரும்போது தாய் என்ன செய்கிறது? முதலில் குலைத்து, எஜமான் ஒரு வார்த்தை சொன்னதும் அடங்குகிறதா? அப்படியானால் குட்டியும் படியும். வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒளிந்து பல்லைக் காட்டினால், அதன் குட்டி பிற்காலத்தில் பயத்தில்தான் கடிக்கும். 30 நாளில் பிரித்த குட்டிக்கு இன்னொரு சிக்கல். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் குட்டி கற்றுக்கொள்ளும். அந்தப் பாடம் ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் நடக்கிறது. நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017-ஆம் ஆண்டு விதிகளிலும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று இருக்கிறது. இதைச் சொன்னால் பால்குடி மறந்துவிட்டது சார் என்பார்கள். பேச்சே வேண்டாம்.

பேப்பர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வியாபாரி கட்டாயம் ஆரம்பிப்பார். இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் என்றால் அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடம்பில் கருவி காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் அது பிறப்பைத்தான் சொல்லும். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை அதில் இருக்காது.

வெடிச் சத்தத்தைப் பொறுத்தவரை, துப்பாக்கி இல்லாவிட்டாலும் தீபாவளி வரும், கோயில் கொடையில் வேட்டு போடுவார்கள், பக்கத்து வயல்காரர் பன்றி விரட்ட வெடி போடுவார். ஆகவே பழக்கத்தான் வேண்டும். பக்கத்தில் சரவெடி போட்டால் பழகாது, வாழ்நாள் முழுக்க நடுங்கும். குட்டி சோறு தின்னும்போது நூறு அடி தள்ளி நின்று ஒருவர் தட்டைத் தட்டட்டும். குட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தட்டில் வாய் வைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பார்க்காமலே தின்னும் நிலைக்கு வந்த பிறகு பத்தடி மட்டும் கிட்டே நகருங்கள். தட்டு பழகிய பிறகு குழந்தைகள் வெடிக்கும் பொட்டுத் துப்பாக்கி, மறுபடியும் நூறடியிலிருந்து. ஒருநாள் தின்னுவதை நிறுத்திவிட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பழைய தூரத்துக்குப் போய்விடுங்கள்.

அதைவிட முக்கியம் கூப்பிட்டால் வருவது. முப்பது அடிக் கயிறு ஒன்றைக் கழுத்துப் பட்டையில் கட்டி, தரையில் இழுபடும்படி விடுங்கள். கூப்பிடுங்கள், வராவிட்டால் கயிற்றை மெதுவாகச் சுருட்டி வரவழையுங்கள், வந்ததும் ஒரு துண்டு கருவாடு. வந்த பிறகு அடிக்கவே கூடாது, முந்தின நிமிடம் கோழியைப் பிடித்திருந்தாலும் சரி. தினமும் வரப்புச் சுற்றி நடத்திக் காட்டி, எல்லைக்கு வந்ததும் திருப்பிக் கூப்பிடுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மலையடிவாரத்தில் எல்லை தாண்டும் நாய்க்கு ஆயுசு குறைவு. யாராவது அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி வைத்திருப்பார்கள். ஒரு கடியில் தாடை சிதறிவிடும். தனியாக மடக்கினால் ஆண்பன்றி கொம்பால் கிழிக்கும். அந்தக் காயம் வெளியே ஓர் அங்குலம் தெரியும், உள்ளே தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஒரு சாண் போயிருக்கும். மஞ்சளை வைத்துக் கட்டாமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நாயை இரவில் வரப்பில் சங்கிலியால் கட்டிப்போடவும் வேண்டாம். உங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு, கட்டிக் கிடக்கும் நாய் அதற்குச் சிரமமில்லாத இரை. காவல் குடிசையில் உங்கள் கட்டிலுக்கடியில் படுக்கட்டும்.

தடுப்பூசி விவரம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடு மாடு இருப்பதால் இரண்டு மட்டும். வெள்ளாட்டுத் தலையை, மூளையைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். அதில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருந்தால் நாய் வயிற்றில் புழு வளர்ந்து, அதன் மலம் பட்ட புல்லைத் தின்னும் ஆட்டுக்கு மூளையில் கட்டி வந்து, ஆடு ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் கலந்த குடற்புழு மருந்து கொடுங்கள். மாட்டுக்குக் கரு கலைந்தால், விழுந்ததையும் நஞ்சுக்கொடியையும் நாய் தொடுமுன் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

இப்போது குட்டி வாங்கினாலும் அது வேலைக்கு நிற்க ஒன்றரை வருடம் ஆகும். வரும் போகத்தை அது காப்பாற்றாது. விதைக்கும் முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் சூரிய மின்வேலி மானியத்தைக் கேளுங்கள். வீட்டு லைனிலிருந்து கம்பிக்கு நேரடியாகக் கரண்டு கொடுத்து வைக்காதீர்கள், மனிதரே செத்திருக்கிறார்கள். வயலைச் சுற்றி நாலு வரிசை ஆமணக்கு நெருக்கமாகப் போடுங்கள். பன்றிக்கு அந்த வாடை ஆகாது, மக்காச்சோளத்தின் வாசனையையும் கொஞ்சம் மறைக்கும். அதையும் மீறி அழித்தால், கால்தடம் தெரிகிற மாதிரி அன்றைக்கே படம் எடுத்து, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.