கே.ஏ. நம்பர் வண்டி மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். 2018 மாடல் பெட்ரோல் கார், கே.ஏ. 51 என்ற பெங்களூரு பதிவெண், ஒரே ஓனர், 4,20,000 ரூபாய் சொல்கிறார்கள். இதே மாடல் டி.என். வண்டி 4,80,000க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. "பார்டர் ஊர்தானே, கே.ஏ. நம்பரிலேயே ஓட்டுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: வாங்கலாம். ஆனால் புரோக்கர் பேச்சை நம்பி கே.ஏ. நம்பரிலேயே ஓட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இந்த மாநிலப் பதிவெண் வாங்கியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அப்போது தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்ப அந்தத் தொகை குறையும். அதனால் பேரம் பேச உட்காரும் முன்பே, உங்கள் வண்டிக்கு எவ்வளவு வரும் என்று ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். விலையில் மிச்சமாகும் 60,000 ரூபாயில் வரி, இன்சூரன்ஸ் பெயர் மாற்றம், ஏஜென்ட் கூலி எல்லாம் போக என்ன நிற்கிறது என்று பாருங்கள். பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை என்றால் டி.என். வண்டியே நிம்மதி.

வாங்குவது என்று முடிவானால், என்.ஓ.சி. (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்ற சான்று) எடுத்துத் தருவது விற்பவரின் வேலை என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஃபார்ம் 28இல் விண்ணப்பித்து, வண்டி பதிவான பெங்களூரு ஆர்.டி.ஓ.விடம்தான் அதை வாங்க முடியும். வரி பாக்கி, அபராத பாக்கி இருந்தால் கிடைக்காது. பெங்களூரு சிக்னல் கேமராக்களில் விழுந்த அபராதங்கள் ஓனருக்கே தெரியாமல் சேர்ந்து கிடக்கும். ஆகவே அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டு இ-சலான் என்ற அபராதப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். கையில் வரும் என்.ஓ.சி.யில் எந்த அலுவலகத்துக்கு என்று எழுதியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு ஓசூர், அதாவது டி.என். 70, என்று இருக்க வேண்டும்.

ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், "லோன் எப்பவோ முடிந்துவிட்டது" என்ற வாய்ப்பேச்சு போதாது. வங்கியின் கடிதமும் ஃபார்ம் 35உம் வந்து எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆன பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். என்னைக் கேட்டால், முன்பணமாகக் கொஞ்சம் கொடுத்து, பெரும் தொகையை என்.ஓ.சி. கைக்கு வரும் நாளில் வங்கி வழியாக அனுப்புவதுதான் சரி. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் என்.ஓ.சி. வரும் என்று காத்திருப்பவர்கள் ஓசூரில் நிறையப் பேர்.

ஓட்டிப் பார்க்கும்போது சூளகிரிப் பக்கம் ஏதாவது ஒரு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏற்றுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நேரில் பார்த்தவன் நான். அப்படித் தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவி விற்றால் எப்படித் தெரியும்?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேலே தெரியும் பகுதியைத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பட்டையில் சேற்றுக்கோடு அப்படியே நிற்கும். அப்புறம் ஸ்டெப்னி இருக்கும் குழியில் கையை விட்டுத் தடவுங்கள், மண் படிந்திருக்கிறதா என்று தெரியும். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா பாருங்கள். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் கண்ணாடிகளை ஏற்றி, வெயிலில் அரை மணி நேரம் விட்டு மறுபடி ஏறுங்கள். ஈர மேட் நாற்றம் வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். தண்ணீர் புகுந்த வயரிங் உடனே காட்டிக்கொடுக்காது, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பழுதாகும். இன்சூரன்ஸ் கிளெய்ம் ஆகியிருக்கிறதா என்று பாலிசி எண்ணைக் கொடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரிக்க விற்பவரிடமே சொல்லுங்கள்.

கேள்வி: பாலக்கோட்டில் ஒரு ஃபைனான்ஸில் 4 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்கிறார்கள், 36 டியூ, மாதம் 14,444. நியாயமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: அது ஃப்ளாட் வட்டி. அசல் மாதாமாதம் குறைந்தாலும் மூன்று வருடமும் முழு 4 லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள், அதுதான் 1,20,000 ஆகிறது. குறையும் அசலுக்கு வட்டி என்ற கணக்கில் இது ஏறக்குறைய 18 சதவீதம். உண்மையிலேயே 10 சதவீதம் என்றால் டியூ 12,907தான் வரும். மொத்தத்தில் சுமார் 55,000 ரூபாய் வித்தியாசம். வங்கியோ, பதிவு பெற்ற ஃபைனான்ஸ் நிறுவனமோ கடன் கொடுக்கும் முன் எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டியை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளை வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குச் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலும் ஒருமுறை கேளுங்கள்.

கேள்வி: தர்மபுரியில் ஒரு கார் கன்சல்டிங்கில் என் காரை விற்று ஒன்றரை வருடம் ஆகிறது. ஓனர் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது சேலத்திலிருந்து என் செல்போனுக்கு அபராதம் வருகிறது. என்ன செய்வது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தர்மபுரி

பதில்: ஐயா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டி யார் மேலாவது மோதினால்தான் பெரிய சிக்கல். பல கை மாறிய வண்டியானாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில் பரிவாகனில் உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் இன்னும் அவசரம். டெலிவரி நோட், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் இரண்டின் நகலையும் இணைத்து, தர்மபுரி ஆர்.டி.ஓ. (டி.என். 29) அலுவலகத்தில் வண்டியை விற்றுவிட்டதாக எழுத்துமூலம் மனு கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் சீல் போட்ட நகல் கேளுங்கள். கன்சல்டிங்காரருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் பதில் சொல்லட்டும். பதில் வரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

விற்பவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். கன்சல்டிங் மூலம் விற்கப்போகிற மற்றவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரம் பெற வேண்டும். அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்து ஃபார்ம் 29சி மூலம் தகவல் பதிவானால், அன்று முதல் அவரே ஓனராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாதவரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.