“மோசடித் தடுப்புக்காக உங்கள் விவரங்களைப் பகிர்வோம்” என்று வங்கிப் படிவத்தில் இருக்கிறதே, யாரிடம் பகிர்கிறார்கள்? அதை நமக்குச் சொல்ல வேண்டாமா?

வங்கியொன்றின் குறைதீர்ப்புப் பிரிவில் சில காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிடும் அந்த ஒற்றை வரிக்குள் தன்மையில் வேறுபட்ட பல பகிர்வுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டுமே வாடிக்கையாளரிடமிருந்து மறைத்தாக வேண்டும் என்று சட்டம் வங்கியைக் கட்டாயப்படுத்துகிறது. மற்றவற்றைச் சொல்லாமல் விடுவதற்குச் சட்டத்தைவிட அலுவலக வழக்கமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

மறைத்தாக வேண்டியது, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை பற்றிய அறிக்கை. 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ், ஒரு கணக்கின் வரவு செலவு ஐயத்துக்கு இடமளித்தால் வங்கி அதை மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்திருப்பதைக் கணக்குதாரரிடம் சொல்லக் கூடாது. சொன்னால், உண்மையான குற்றவாளி அன்று மாலைக்குள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவான். இந்த மௌனத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதற்கென்று ஏற்பட்ட மௌனத்தை மற்ற எல்லாப் பகிர்வுகளின் மீதும் போர்த்திவிடுவதுதான் பிழை.

யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படித் திருப்பிக் கட்டினார் என்ற பதிவுகளை வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. உங்கள் கடன் அறிக்கையை ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்துப் பார்த்தால், குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சல் மூலம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. தவறான பதிவைத் திருத்தக் கோரி 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதற்குப் பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. உங்கள் பெயரில் வேறொருவர் கடன் கேட்டிருந்தால், அந்தக் குறுஞ்செய்தியே முதல் எச்சரிக்கை. பகிர்வை உரியவருக்குச் சொல்வதே மோசடியைப் பிடிக்கும் வழியாகவும் ஆகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒருவரை மோசடியாளர் என்று வங்கி வகைப்படுத்தும் விஷயத்திலும் இந்த நியாயம் வந்துவிட்டது. அப்படி வகைப்படுத்துவதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை அடியொற்றி 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறை, காரணம் கேட்கும் அறிவிப்பும், பதிலளிக்கக் குறைந்தது 21 நாள் அவகாசமும் தரச் சொல்கிறது.

சிக்கல் இருப்பது புதிதாக வந்த பகிர்வுகளில். 1930 என்ற எண்ணில் ஒருவர் இணையவழிப் பண இழப்பைப் புகார் செய்தால், பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியாகச் சென்றது என்ற தடம் வங்கிக்கு வங்கி விரைவாகக் கைமாறுகிறது. வேகம் இல்லையென்றால் இழந்த பணம் திரும்பாது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தடத்தின் மூன்றாவது, நான்காவது படியில், யுபிஐ வழியாகச் சில நூறு ரூபாய் வாங்கிய மளிகைக் கடைக்காரரும் சிக்கிக்கொள்கிறார். கணக்கு முடங்கியது ஏன் என்று கேட்டால், “சைபர் கிரைமிலிருந்து வந்திருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்பதே பல கிளைகளில் கிடைக்கும் பதில். எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, எவ்வளவு தொகை பற்றிய ஐயம் என்ற மூன்று செய்திகளைச் சொன்னாலே அவர் எங்கே போய் முறையிடுவது என்று அறிந்துகொள்வார். இந்தச் செய்திகள் பெரும்பாலும் வங்கிக்கு வந்த கோரிக்கையிலேயே இருக்கும்.

அதேபோல், மோசடியில் தொடர்புடையதாக ஐயப்படும் கைபேசி எண்களை நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று அபாய அளவுப்படி வகைப்படுத்தி வங்கிகளுக்கு அளிக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் கொண்டுவந்தது. அதைத் தங்கள் அமைப்புகளுடன் இணைத்துக்கொள்ளும்படி அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. கைவிடப்பட்ட எண்கள் சில மாதங்களில் வேறொருவருக்கு வழங்கப்படும் நாட்டில், ஓர் எண்ணின் பழைய பாவம் புதியவரைத் தொடராதபடி பார்த்துக்கொள்ள, அவருக்குச் சொல்வதைத் தவிர வேறு நேர்வழி இல்லை.

சட்டம் உதவுமா என்றால், பாதிதான். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, எந்தத் தரவை எந்த நோக்கத்துக்காகப் பெறுகிறார்கள் என்று அறிவிக்கச் சொல்கிறது. அந்த அறிவிப்பைத் தமிழில் பெறவும் வழி செய்கிறது. ஆனால் தரவைப் பெறுபவர்களின் பெயர்களை அதிலேயே எழுத வேண்டும் என்று கூறவில்லை. பெயர்களைக் கேட்டுப் பெறும் உரிமை 11-ஆம் பிரிவில் இருக்கிறது. அதே பிரிவு, குற்றத் தடுப்புக்காகவோ புலன்விசாரணைக்காகவோ சட்ட அதிகாரம் பெற்ற ஒருவர் எழுத்து மூலம் கேட்டுப் பெற்ற தரவுக்கு விலக்கு அளிக்கிறது. 17-ஆம் பிரிவின் விலக்கு இன்னும் விரிவானது. இது சொல்லாதிருக்க அனுமதி தருகிறதே தவிர, சொல்லக் கூடாது என்று தடை விதிக்கவில்லை. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. அறிவிப்புக் கடமைகள் நடைமுறைக்கு வர அப்போதிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் வங்கிகளின் அறிவிப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். மோசடித் தடுப்பு முகமைகளுக்கு விவரம் தரப்படும், மோசடி கண்டறியப்பட்டால் சில சேவைகளும் கடனும் வேலைவாய்ப்பும்கூட மறுக்கப்படலாம் என்று அங்கே வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். 1988-இல் தொடங்கப்பட்ட சிஃபாஸ் என்ற லாப நோக்கற்ற மோசடித் தடுப்பு அமைப்பிடம் எவரும் நேரடியாக விண்ணப்பித்து, தம் பெயரில் என்ன பதிவு இருக்கிறது என்று கேட்டுப் பெறலாம். அங்கும் தவறான பதிவுகளால் அவதிப்படுவோர் உண்டு. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதாவது அவர்களுக்குத் தெரியும். நம் படிவங்களில் விளைவு என்ன என்பது பற்றிப் பேச்சே இருக்காது.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இது. கிளையில் வாய்மொழியாகக் கேட்காமல், கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதிக் கேளுங்கள். “என் விவரங்களை யாரிடம் பகிர்ந்தீர்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். “எந்தக் கடன் தகவல் நிறுவனத்துக்கு என்ன பதிவு அனுப்பினீர்கள், என் கணக்கின் மீதான தடை எந்த அலுவலகத்தின் எந்த எண்ணிட்ட கோரிக்கையால் வந்தது, முடக்கப்பட்ட தொகை எவ்வளவு” என்று கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, அந்தக் கடிதத்தின் நகலுடன் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே கட்டணமின்றி முறையிடலாம்.