அரைக்கோணத்தில் ப்ளஸா, மைனஸா?

கேள்வி: டீச்சர், நான் படிவம் 5 மாணவி. அட் மேத்ஸில் (கூடுதல் கணிதத்தில்) இரட்டைக்கோணச் சூத்திரம் வரைக்கும் எனக்கு நன்றாகவே புரிந்தது. அரைக்கோணம் வந்ததும் குழம்பிவிட்டேன். டியூஷனில் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், செய்தும் பார்த்துவிட்டேன், ஆனால் ப்ளஸ் மைனஸ் மாறி மாறி வந்து விடை தப்பாகிறது. எங்கள் தோட்டத்துப் பக்கம் கேட்க வேறு ஆளில்லை.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மனப்பாடத்தை முதலில் விடும்மா. உனக்குப் புரிந்த அந்த இரட்டைக்கோணச் சூத்திரத்தையே கொஞ்சம் திருப்பி எழுதினால் அரைக்கோணம் வந்துவிடும். காஸ் 2ஏ = 1 − 2 சைன்² ஏ, இது தெரியும் இல்லையா? இதில் 2ஏ இருக்கும் இடத்தில் ஏ போடு, ஏ இருக்கும் இடத்தில் ஏ/2 போடு. காஸ் ஏ = 1 − 2 சைன்² (ஏ/2) என்று ஆகும். இப்போது சைன்² மட்டும் ஒரு பக்கம் நிற்கும்படி நகர்த்தினால் சைன்² (ஏ/2) = (1 − காஸ் ஏ)/2. காஸுக்கு 2 காஸ்² ஏ − 1 என்ற வடிவத்தில் தொடங்கு, (1 + காஸ் ஏ)/2 கிடைக்கும். பரீட்சையில் எது எதற்கு என்று சந்தேகம் வந்தால் ஏ = 0 போட்டுப் பார்; சைன் 0 பூஜ்யம், காஸ் 0 ஒன்று, அப்போது 1 − 1 எதற்குப் பொருந்தும் என்று உடனே தெரிந்துவிடும்.

சரி, உன்னுடைய உண்மையான சிக்கலுக்கு வருவோம். வர்க்கமூலம் எடுக்கும்போது முன்னால் ± வருகிறது, அதில் ஒன்றை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறையப் பிள்ளைகள் ஏ எந்தச் சுக்குவானில் (வட்டத்தை நான்காகப் பிரித்த கால்பகுதியில்) இருக்கிறது என்று பார்த்துக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது ஏ/2 எங்கே இருக்கிறது என்பதை!

ஒரு கணக்கு போடலாம். காஸ் ஏ = 7/25, ஏ 270 பாகைக்கும் 360 பாகைக்கும் நடுவே, அதாவது நான்காவது சுக்குவானில். எல்லா எண்ணையும் பாதியாக்கு: ஏ/2 135-க்கும் 180-க்கும் நடுவே வருகிறது, அது இரண்டாவது சுக்குவான். அங்கே சைன் ப்ளஸ், காஸ் மைனஸ். (1 − 7/25)/2 என்பது 9/25, ஆகவே சைன் (ஏ/2) = 3/5. (1 + 7/25)/2 என்பது 16/25, ஆகவே காஸ் (ஏ/2) = −4/5. ஏ இருக்கும் சுக்குவானைப் பார்த்திருந்தால் இரண்டு குறியுமே தலைகீழாகியிருக்கும். அதனால் கணக்கைத் தொடுவதற்கு முன்பே ஏ/2-இன் எல்லையைத் தாளில் ஒரு வரியாக எழுதிவிடு, இந்த ஒரு வரியை எழுதச் சோம்பல் படாதே.

டேனுக்கு ± தொல்லையே இல்லை. டேன் (ஏ/2) = சைன் ஏ / (1 + காஸ் ஏ). இங்கே சைன் ஏ = −24/25, 1 + காஸ் ஏ = 32/25, வகுத்தால் −3/4. மேலே கிடைத்த 3/5-ஐ −4/5 ஆல் வகுத்தாலும் அதே −3/4 வருகிறது பார், விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அப்புறம், சைன் ஏ மைனஸ் என்பதை மறந்துவிடாதே, ஏ நான்காவது சுக்குவானில்தான் இருக்கிறது.

இப்போது நீயே சைன் 15-ஐ காஸ் 30 வைத்துக் கண்டுபிடி, 0.2588 வர வேண்டும். அடுத்து டேன் 22.5, அதற்கு √2 − 1 வரும். வராவிட்டால் வழிமுறையோடு எழுதி அனுப்பு, எந்த வரியில் வழுக்கியது என்று பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: கால்குலேட்டரைத் தட்டினால் சைன் 15 வந்துவிடுகிறது, பிள்ளைகளை ஏன் இப்படிச் சிரமப்படுத்த வேண்டும்?
– ஒரு தந்தை, தெலுக் இந்தான்

பதில்: அண்ணே, கால்குலேட்டர் தசமத்தில் தோராயமாகத் தருகிறது, கேள்வி பல நேரம் √3, √2 வைத்த துல்லியமான விடையைக் கேட்கும். காஸ் ஏ மட்டும் கொடுத்து, கோணத்தையே சொல்லாமல் கேட்கும் கணக்கும் உண்டு. இன்னொன்றும் சொல்கிறேன். கி.பி. 499-இல் ஆரியபட்டர் கொடுத்த சைன் அட்டவணை 3.75 பாகை இடைவெளியில் 24 மதிப்புகள் கொண்டது. 30-ஐப் பாதியாக்கினால் 15, மறுபடி 7.5, மறுபடி 3.75. கருவி இல்லாத காலத்தில் சின்னக் கோணங்களை எட்டிப் பிடிக்க இந்தப் பாதியாக்கும் வழி பெரிய துணை. உங்கள் பிள்ளை கையால் ஒருமுறை 7.5 வரை போய்ப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு கால்குலேட்டரைத் தாராளமாகக் கொடுங்கள்.