பினாங்கில் புயலைவிடத் தண்ணீருக்குத்தான் பயப்பட வேண்டும்

தம்பி, நாகப்பட்டினத்திலிருந்து வந்து மூன்று மாதம், சுங்கை பினாங்கு ஆற்றோரம் கீழ்வீடு, கூடவே மனைவி, கைக்குழந்தை, முட்டிவலியோடு அம்மா. ஆரஞ்சு மழை எச்சரிக்கை வந்தால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கஜா புயலைப் பார்த்தவர்களுக்குக் காற்றுதான் பயம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 பாகைதான். இவ்வளவு பக்கத்தில் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்புவது குறைவு, அதனால் புயல் உருவாவது அபூர்வம். 2001 டிசம்பரில் ஜொகூரில் கரையேறிய வாமேய் புயல் அப்படி அபூர்வமான ஒன்று. இங்கே தொல்லை தண்ணீர்தான். கனமழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்தால், ஆறு கடலில் இறங்க முடியாமல் தெருவுக்குத் திரும்பும்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. ஜாலான் பி. ரம்லி தெருப் பக்கம் குடியிருந்தோம். "வீட்டுக்குள்ளே தண்ணி வந்ததே இல்லை" என்று வீட்டுக்காரர் சொன்னதை நம்பி, கொட்டுகிற மழையில் கதவைச் சாத்திப் படுத்துவிட்டோம். இரவில் குளியலறையில் குடகுடவென்று சத்தம். போய்ப் பார்த்தால், தண்ணீர் போகிற ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வருகிறது. வாசல் இன்னும் காய்ந்துதான் கிடந்தது! விடிவதற்குள் இடுப்பளவு. மாமியாரைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையன்தான் முதுகில் சுமந்து மாடி வீட்டுக்கு ஏற்றினான். மாநிலத்தில் அந்த வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள். சாயங்காலமே கிளம்பியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதனால் சொல்கிறேன்: மெட்மலேசியா (மலேசிய வானிலைத் துறை) ஆரஞ்சு அறிவித்து, அன்றிரவு கடல் ஏற்றமும் இருந்தால், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். சிவப்பு என்றால் யோசனையே வேண்டாம். ஊரில் போல ஒலிபெருக்கியோடு வந்து கூட்டிப் போவார்கள் என்று காத்திருக்காதீர்கள். இன்ஃபோ பஞ்சிர் என்ற அரசு வெள்ளத் தகவல் தளத்தில் ஆற்று மட்டம் தெரியும்; "வாஸ்பாடா" (உஷார்) வந்ததும் பையைக் கட்டுங்கள், அதற்கு அடுத்த கட்டமான "அமாரான்" (எச்சரிக்கை) வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட், பால்மாவு, அம்மாவின் மாத்திரை போதும். மெயின் சுவிட்சை அணையுங்கள். காரை அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் விடுங்கள். மாட்டிக்கொண்டால் அவசர எண் 999.

அம்மா "சாமானை விட்டுட்டு எப்படி வர்றது" என்பார். வாதாட வேண்டாம், அவரையும் குழந்தையையும் முதலில் அனுப்பிவிடுங்கள். எங்கே போவது என்பதை இன்றே யாரிடமாவது கேட்டு வையுங்கள். யாரும் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். நாங்கள் இப்போது ஏழாவது மாடியில் இருக்கிறோம், ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது.